சனிக்கிழமை வேல்யுவேஷன்

கிழக்குத் தாம்பரம்
04.08.2025

ஜீவிதா,

என் எண்ணை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய் என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அனுப்பிய செய்தி எல்லாம் ஒற்றை டிக்கிலேயே நின்றதால் உன் போன் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். ஆபீஸ் தீபாதான், "எனக்கெல்லாம் உடனே பதில் வருதே மேடம்" என்றாள். உன் அண்ணன் வீட்டு முகவரியையும் அவளிடமே வாங்கிக்கொண்டேன்.

விஷயம் சின்னதுதான். துறையில் உன் அலமாரியைக் காலி செய்ய வேண்டுமாம். ஸ்ரீநிவாசராகவன் சார் துறைத்தலைவர் ஆன பிறகும் எதையும் நேராகச் சொல்வதில்லை. "அந்த அலமாரி ஒண்ணு சும்மா நிக்குதே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். திறந்து பார்த்தேன். அட்டைக் கத்தி இரண்டு, ஒட்டு மீசை ஒரு டப்பா, தளபதிக்குத் தைத்த சிவப்பு அங்கி, இரண்டாம் ஆண்டுப் பெண்கள் நாற்பத்திரண்டு பேரின் அசைன்மென்ட். எதை அனுப்பட்டும், எதை எறியட்டும் என்று எழுது.

இன்னொன்று. வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். துன்பியல் நாடகத் தாளை மறுபடி எனக்கே கொடுத்துவிட்டார்கள். பதினாறு வருடம் நான் நடத்தினேன், இரண்டு வருடம் நீ நடத்தினாய், இப்போது திரும்பவும் நான். முதல் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "ஜீவிதா மேடம் மாதிரி நடிச்சுக் காட்டுவீங்களா?" என்றாள். மாட்டேன், நோட்ஸ் தருவேன் என்றேன். எல்லாரும் உடனே நோட்டைத் திறந்தார்கள். நீ நடத்தும்போது காமர்ஸ் பெண்கள்கூட ஜன்னலில் நின்று கேட்பார்கள். இப்போது ஜன்னலில் யாரும் இல்லை.

ஸ்நேகா எப்படி இருக்கிறாள்?

கனகவல்லி


கேளம்பாக்கம்
17.08.2025

கனகா அக்கா,

மீசையை எறிந்துவிடுங்கள். அங்கியை ஜோஷ்வாவிடம் கொடுத்துவிடுங்கள், துணி அவன் வாங்கியது. அசைன்மென்ட்டில் எல்லாருக்கும் மார்க் போட்டிருக்கிறேன், அவர்களிடமே கொடுங்கள்.

ஸ்நேகா எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்கிறீர்கள். எனக்கு எப்படி அக்கா தெரியும்? பொழிச்சலூரில் அவள் அப்பா ஜெர்சனோடு இருக்கிறாள். நான் கூப்பிட்டால் கட் செய்கிறாள். பதினாலு வயது. ஒரே ஒரு தடவை எடுத்து, "நீ பொய் சொல்லிட்டுப் போனே. அன்னைக்கு என் கை வீங்கிக் கிடந்துச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உங்கள் எண்ணை பிளாக் செய்தது கோபத்தால் இல்லை. உங்கள் குரல் கேட்டால் கல்லூரி ஞாபகம் வருகிறது. வாசலில் நின்று ஜெர்சன் கத்தியதும், வாட்ச்மேன் அவர் கையைப் பிடித்து இழுத்ததும், ஜன்னல் ஜன்னலாகப் பெண்கள் பார்த்ததும் வருகிறது. நீங்கள் அன்று லீவு. அதற்கு முன் ஒத்திகையில் நடந்ததையும் நீங்கள் பார்க்கவில்லை. மற்றவர்கள் என்ன சொன்னார்களோ தெரியாது. நானே சொல்கிறேன்.

மார்ச் 29, சனிக்கிழமை. பொழிச்சலூர் சர்ச் ஹாலில் ஒத்திகை. கடைசிக் காட்சி, தளபதி சந்தேகத்தில் மனைவியைக் கொல்வது. தளபதியாக நடிக்கும் பெண் தலையணையைத் தூக்கியதும் மேலே விமானம் வந்துவிட்டது. அங்கே தினமும் நடப்பதுதான். ஜோஷ்வா கையைத் தூக்கி, "இரும்மா, ஃப்ளைட் போவட்டும். அப்பால கொல்லு" என்றான். பதினெட்டுப் பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் அவன் தோளைத் தட்டிச் சிரித்தேன். இருபத்தாறு வயதுப் பையன் அக்கா அவன், பம்மலில் பெல்ட் தைக்கிற பட்டறையில் வாரமெல்லாம் வேலை செய்துவிட்டு, சனிக்கிழமையானால் நாடகம் சொல்லித்தர வருகிறவன். அப்போது கதவருகில் ஜெர்சன். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நேராக வந்து அவனை அறைந்தார். "இன்னா சார், நான் இன்னா பண்ணேன்?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டாவது அறைக்கும் அதையேதான் கேட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவர் இரண்டு வாரமாக வாயைத் திறக்காமல் வைத்திருந்தது 15ஆம் தேதிச் சனிக்கிழமையை. அன்று விடைத்தாள் வேல்யுவேஷன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறாள், என் போன் அணைந்திருக்கிறது, அவர் உங்களைக் கேட்டிருக்கிறார், நீங்கள் வேல்யுவேஷன் இல்லையே என்றிருக்கிறீர்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. நான் கேள்வித்தாள் குழுவுக்குப் போனது அந்தச் சனிக்கிழமைதான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த வேலையை யாரிடமும் சொல்லக்கூடாது, வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். "வீட்ல வேல்யுவேஷன்னு சொல்லிடு, நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே. ஜோஷ்வாவை அடித்த அன்று இரவு ஜெர்சனிடம் உண்மையைச் சொன்னேன். பரீட்சைகூட முடியவில்லை, விதியை மீறித்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "வேல்யுவேஷன் போய் இப்ப கொஸ்டின் பேப்பரா?" என்றார். காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை. நியமனக் கடிதத்தை வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

எனக்கு ஒன்று வேண்டும். வருகிற நவம்பர் 2, ஞாயிறு, ஸ்நேகாவுக்குத் திடப்படுத்தல் ஆராதனை. பேராயர் அவள் தலையில் கைவைக்கும்போது நான் சர்ச்சில் இருக்க வேண்டும். திருடியைப் போலக் கடைசி வரிசையில் இல்லை, அவள் பக்கத்தில். அவள் என்னைப் பார்க்க வேண்டும். அதற்கு அந்தச் சனிக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்பதை அவள் நம்ப வேண்டும். ஜெர்சனுக்கு நீங்கள் எழுதுங்கள். அந்தக் குழுவில் ஒன்பது வருடம் இருந்தவர் நீங்கள். "கனகவல்லி அக்கா பொய் சொல்ல மாட்டாங்க" என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நீங்கள் சொன்னால் அந்த வீட்டில் செல்லும்.

ஜீவிதா


கிழக்குத் தாம்பரம்
01.09.2025

ஜீவிதா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மாதிரித் தேர்வுத் தாள்கள் இருந்தன. அது உண்மைதான், ஆனால் தாமதத்துக்குக் காரணம் அது மட்டுமல்ல.

நான் எழுதி என்ன ஆகும் என்று யோசித்தேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மூன்றாம் ஆள் எழுதிய கடிதம் எதையாவது சரிசெய்து நான் பார்த்ததில்லை. ஜெர்சன் ஏற்றுமதி வளாகத்தில் நூறு பேருக்குச் சூப்பர்வைசர், முட்டாள் இல்லை. நாளாக ஆகத் தானாகவே அவருக்குப் புரியும்.

இரண்டாவது, அந்தக் குழுவில் இப்போது நான் இல்லை. சென்ற கல்வியாண்டில் என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டார்கள். ஆகவே அன்று நீ எங்கே போயிருந்தாய் என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதித்தரச் சொல்கிறாய். தவிர உறுதிமொழியில் நானும் கையெழுத்துப் போட்டவள்.

உங்கள் சர்ச் ஆயரிடம் பேசிப் பார். பிள்ளையின் விசேஷத்துக்குத் தாய் வரக்கூடாது என்று எந்த சர்ச்சிலும் சொல்ல முடியாது.

அங்கியை ஜோஷ்வாவிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பம்மலில் அந்தச் சந்துக்குள் ஷேர் ஆட்டோ போகாது, நடந்துதான் போனேன். அவன் அங்கியை வாங்கி மடித்து மெஷினுக்கு அடியில் வைத்தான். "மேடம் நல்லா கீறாங்களா?" என்று உன்னைக் கேட்டான். நல்லா இருக்காங்க என்றேன். இனிமேல் நாடகம் சொல்லித்தருவாயா என்று கேட்டதற்கு, "அந்த பேஜாரே வேணாம் மேடம். பெல்ட்டு யாரையும் சந்தேகப்படாது" என்றான்.

எங்கள் வீட்டுக்காரர் இப்போது வந்து எட்டிப் பார்த்து, "ஒரு பேப்பரையே ஒரு மணி நேரமா திருத்தறியே, ஃபெயிலா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

கனகவல்லி


கேளம்பாக்கம்
14.09.2025

கனகவல்லி மேடம் அவர்களுக்கு,

போன ஞாயிறு என் அண்ணன் ஜெரோம் ஜெர்சனைப் போய்ப் பார்த்தார். அண்ணன் சண்டை போடுகிறவர் இல்லை. எதிரில் உட்கார்ந்து, "மச்சான், அந்தச் சனிக்கிழமை போன்ல கனகவல்லி மேடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். ஆறு மாதத்தில் நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. ஜெர்சன் சொல்லியிருக்கிறார். அவர் எதையும் மறக்கிறவர் இல்லை.

வேல்யுவேஷன் இன்னைக்கு இல்லையே என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சொன்னது இப்போதுதான் தெரிந்தது. காலையில் என்னைப் பார்த்ததாகச் சொன்னீர்களாம். பட்டுப் புடவையில், கிண்டி பஸ்ஸில் ஏறினேன் என்று.

கிண்டி பஸ்.

ஒன்பது வருடம் ஒவ்வொரு மார்ச்சிலும் நீங்கள் அந்த வேலைக்கு ஏறிப் போனது அதே பஸ் ஸ்டாண்டில் அதே பஸ்ஸில். "ரூமுக்குள்ள ஏசி நடுக்கும், கனமான புடவையா கட்டிக்கோ" என்று எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். என்னைப் பார்த்த நொடியில் நான் எங்கே போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டு, "ஜோஷ்வாவும் அவளும் நாடகத்துக்கு டிரெஸ் வாங்கணும்னு சொல்லிட்டிருந்தாங்க" என்று ஏன் சொன்னீர்கள்?

அவர் நேராக சர்ச் ஹாலுக்குப் போயிருக்கிறார். பூட்டிக் கிடந்தது. வீங்கிய கையோடு பிள்ளை பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

பதில் வேண்டும். அலமாரி, அங்கி, உங்கள் வீட்டுக்காரர் சொன்ன ஜோக் எதுவும் வேண்டாம்.

ஜீவிதா


கிழக்குத் தாம்பரம்
28.09.2025

ஜீவிதா,

ஆமாம். எனக்குத் தெரியும்.

நான் 31ஆம் எண் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. கையில் நியமனக் கடிதம் வரும் அந்தப் பழுப்பு உறை இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாய், புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பிடிப்பார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் பிடித்தேன். நாடகத் தாளை உனக்குக் கொடுத்தபோதுகூட நான் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. பி.காம். பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்க என்னைப் போட்டார்கள், போனேன். ஆனால் அந்த உறையை உன் கையில் பார்த்ததும், வந்த 31ஐ ஏறாமல் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சமைத்தேன், துணி மடித்தேன், அந்த உறை கண்ணிலேயே நின்றது.

பதினொன்றரைக்கு ஜெர்சன் கூப்பிட்டார். ஸ்நேகா விழுந்துவிட்டாள், ஜீவிதா உங்ககூடத்தானே வேல்யுவேஷன்ல இருக்கா என்று கேட்டார். பரீட்சையே அடுத்த மாசம்தான், வேல்யுவேஷன் இப்போ எப்படி என்று சொன்னேன். அது வாயில் தானாக வந்துவிட்டது என்று என்னை நானே நம்பவைத்து வந்தேன். இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவர் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஒரே வரி சொல்லியிருக்கலாம்: அவ வேலையாத்தான் போயிருக்கா, போன் எடுக்க முடியாது, நீங்க பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எதையும் வெளியிடாத, எந்த விதியும் மீறாத வரி. அது என் நாக்கில் இருந்தது. அதை விட்டுவிட்டு புடவையைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன், ஜோஷ்வாவைச் சொன்னேன். டிரெஸ் வாங்குவதாக நீங்கள் பேசிக்கொண்டது உண்மைதான், ஆனால் அதற்கு முந்தின வாரம். நான் சொன்ன ஒவ்வொன்றும் தனித்தனியே உண்மை. அதைத்தான் நான் இத்தனை மாதமாகக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

உன் குடும்பம் உடைய வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. அன்று மாலை நீ வீட்டுக்குப் போனதும் ஒரு சின்னச் சண்டை வரட்டும், திங்கட்கிழமை கொஞ்சம் வாடிய முகத்தோடு வகுப்புக்குப் போகட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அந்த அளவுக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த நாடகத்தைப் பதினாறு வருடம் நடத்தினேன். எல்லாம் தளபதியைப் பற்றியே நடத்தினேன். அவன் சந்தேகம், அவன் கோபம், கடைசியில் அவன் அழுகை. அவன் காதில் ஊதிய கீழதிகாரிக்கு என் நோட்ஸில் நாலு வரி. பதவி உயர்வு கிடைக்காதவன், இவ்வளவு கேட்டுக்கு அந்தக் காரணம் போதாது, நாடக ஆசிரியர் இதை விளக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். நீ வந்த பிறகு அவனைத்தான் நடுவில் வைத்து நடத்தினாய். தளபதிக்குப் பொறாமையைக் கொடுத்ததே அவன்தான், தன்னிடம் இருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தான் என்று சொன்னாயாம். பெண்கள் வராந்தாவில் பேசிக்கொண்டு போனார்கள். நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, பாடத்தை விட்டு எங்கேயோ போகிறாள் என்று நினைத்தேன்.

மார்ச் 29க்குப் பிறகு நான் ஏன் பேசவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கடினமாக இருந்தது. ஜோஷ்வாவை அடித்த அன்று சொல்லியிருந்தால் அது ஒரு தவறு. உன் ராஜினாமாக் கடிதம் வந்த அன்று சொல்லியிருந்தால் குற்றம். அப்புறம் எதுவாகச் சொல்வது என்றே தெரியவில்லை.

ஜெர்சனுக்கு நான்கு பக்கம் எழுதி நேற்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன். கேள்வித்தாள் குழு, உறை, பஸ், போனில் நான் சொன்னது, ஏன் சொன்னேன் என்பது, எல்லாம். பொறாமை என்ற வார்த்தையையும் எழுதினேன். நகல் இத்துடன்.

மன்னிப்பு கேட்டு எழுதும் வரிகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். ஆகவே அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன்.

கனகவல்லி


கேளம்பாக்கம்
12.10.2025

கனகவல்லி மேடம் அவர்களுக்கு,

நகல் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவை முடியவில்லை.

உங்கள் கடிதம் ஜெர்சனுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் நம்பவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு, "அக்கா எவ்ளோ பெரிய மனசு பாருங்க. அவளைக் காப்பாத்தறதுக்குப் பழியைத் தன் தலையில போட்டுக்கறாங்க" என்றாராம். கடிதத்தை அவருடைய அக்கா ரத்தினபாய்க்கும் படித்துக் காட்டியிருக்கிறார், உங்கள் பெருமையைச் சொல்வதற்கு.

போனில் அரை நிமிடம் சொன்னதை நம்பினார். நான்கு பக்கத்தை நம்பவில்லை. ஆராதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜீவிதா


கிழக்குத் தாம்பரம்
20.10.2025

ஜீவிதா,

நேற்று பொழிச்சலூர் போயிருந்தேன். உன்னைக் கேட்காமல் போனேன், கேட்டால் வேண்டாம் என்றிருப்பாய்.

மழை. தெரு முனையிலிருந்து கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்தேன். ஜெர்சன் கேட் வரை வந்து குடையை வாங்கிக்கொண்டார். "வாங்கக்கா, இந்த மழையிலயா? ஸ்நேகா, பெரியம்மாவுக்குக் காபி கொண்டா." மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஜெர்சன், லெட்டர்ல எழுதினது எல்லாம் நிஜம். அன்னைக்கு அவ எங்க போறான்னு தெரிஞ்சேதான் உங்ககிட்ட அப்படிச் சொன்னேன்."

"விடுங்கக்கா."

"விட முடியாது. எனக்கு அவ மேல பொறாமை."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, அன்பாக. "உங்களுக்கா? அவ மேலயா? உங்க படிப்பு என்ன, சர்வீஸ் என்ன. மேடையில நாலு பொண்ணுங்களை ஆட விட்டா டீச்சராயிடுவாளா? அவ உங்க கால் தூசு பெறுவாளாக்கா?"

இனி எழுதப்போவதை எழுதாமலும் விடலாம். உன்னிடம் ஏற்கனவே ஒரு தடவை பாதியை விட்டுவிட்டுச் சொன்னதால் இதைச் சொல்கிறேன். அந்த வாக்கியம் எனக்கு இனித்தது. எதற்காக அங்கே போனேன், யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் எல்லாம் தெரிந்தும் இனித்தது. இரண்டு வருடமாக யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது. ஒரு நொடி. அதற்குள் நிமிர்ந்தால், ஸ்நேகா காபி டம்ளரோடு எதிரே நிற்கிறாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்புறமும் அரை மணி பேசினேன். ஒன்றும் ஆகவில்லை. கிளம்பும்போது அவரே ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். "உங்க மனசு யாருக்கும் வராதுக்கா" என்றார்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. அதை என்னால் வாங்கித்தர முடியவில்லை. நாடகத் தாள் வேண்டாம் என்று ஸ்ரீநிவாசராகவன் சாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது உனக்காக என்று நினைக்காதே. வகுப்பில் அந்தக் கீழதிகாரியின் பேச்சை உரக்கப் படிக்க என்னால் முடியவில்லை.

கனகவல்லி


கேளம்பாக்கம்
05.11.2025

கனகவல்லி மேடம் அவர்களுக்கு,

நடந்ததைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை என்று நினைத்து எழுதுகிறேன்.

ஞாயிறு காலை அண்ணனோடு பொழிச்சலூர் போனேன். பெயர் கூப்பிடும்வரை பிள்ளைகள் குடும்பத்தாரோடு உட்காரலாம் என்று ஆயர் சொல்லியிருந்தார். ஜெர்சன் ஆண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தார், திரும்பவில்லை. ஸ்நேகா வெள்ளைப் புடவையில், தலையில் முக்காடு போட்டு, ரத்தினபாய் அண்ணியின் பக்கத்தில் இருந்தாள். எப்போது அவ்வளவு உயரமானாள் என்று தெரியவில்லை. நான் கடைசி வரிசைக்குப் போகலாம் என்றுதான் இருந்தேன். கால் தானாக முன்னால் போய்விட்டது. பெஞ்சு ஓரத்தில் நின்றேன்.

"இங்க இடமில்ல" என்றார் அண்ணி, பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்கு அத்தை" என்றாள் ஸ்நேகா. நகர்ந்தாள். ஒரு ஆள் உட்கார்கிற அளவுக்கு நகர்ந்தாள்.

பெயர் கூப்பிடும்வரை அவள் கை என் கையில் பட்டுக்கொண்டிருந்தது, எடுக்கவில்லை. பெயர் கூப்பிட்டதும் நானும் கூடவே எழுந்து போனேன்; பேராயர் தலையில் கைவைக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே மழை விடுவதற்காக நின்றோம். ஜெர்சன் பைக்கை எடுக்கப் போயிருந்தார். அப்போதுதான் சொன்னாள். கடிதத்தை அவளும் படித்திருக்கிறாள். முதலில் நம்பவில்லையாம். "அப்பா சொன்ன மாதிரி உனக்காகத்தான் எழுதியிருக்காங்கன்னு நினைச்சேன்மா. அப்புறம் அந்த மேடம் நேர்ல வந்தாங்க. நீ அவங்க கால் தூசு பெறமாட்டேன்னு அப்பா சொன்னப்போ அவங்க மூஞ்சியைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டாங்கம்மா. அப்பதான் லெட்டர்ல இருக்கிறது எல்லாம் நிஜம்னு தெரிஞ்சுது."

அப்பாவிடம் அதைச் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். உனக்கு என்ன தெரியும் என்று அதட்டினாராம். ஜெர்சன் நம்பவில்லை, இனி நம்பவும் மாட்டார். நானும் அந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. சனி, ஞாயிறு கேளம்பாக்கத்துக்கு வருகிறேன் என்று ஸ்நேகா சொல்லியிருக்கிறாள். வந்தால்தான் தெரியும்.

பத்து வருடமாக அவள் உங்களைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். அன்று மழையில் நின்றுகொண்டு பேசியபோது, முழுக்க "அந்த மேடம்" என்றே சொன்னாள். நான் திருத்தவில்லை.

ஜீவிதா